கரைக்க அங்கே கட்டி எதுவும் இல்லை

என் தங்கை தன் மகளின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், தயிர், கடைசியில் தேங்காய் நார். பிள்ளைக்கு 19 வயது. பின்கழுத்தில் தோல் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கருத்திருந்தது. "ஒழுங்கா குளிச்சா ஏண்டி இப்படி அழுக்கு சேருது" என்று திட்டு வேறு. தேய்த்த இடம் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். கருப்பு போகவில்லை.

அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் சுற்றும்போது தோலின் செல்கள் தூண்டப்பட்டு மடிப்புள்ள இடங்களில் இப்படித் தடிக்கும், கருக்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. அதே பிள்ளைக்கு மூன்று மாதமாக நாள் தள்ளிப்போயிருந்தது. தாடையில் முடி, வாரம் ஒருமுறை திரெடிங். வயிற்றுப் பக்கம் சதை. இந்த நான்கையும் ஒரே விஷயமாக எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். கல்யாணம் ஆகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள், அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, முட்டிக்கொண்டு வருவதை அடக்கியபடி காலை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய் வந்ததும் சொன்னது ஒரே வரி: "ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி இருக்கும்மா." என் தங்கை காதில் விழுந்தது 'கட்டி' மட்டும்தான். பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள், "அக்கா, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா? கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சுடலாம்."

பி.சி.ஓ.டி., பி.சி.ஓ.எஸ்., பல்கி ஓவரி என்று எப்படிச் சொன்னாலும் தமிழில் அது 'சினைப்பை நீர்க்கட்டி' என்றே ஆகிவிட்டது. இந்தப் பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கருமுட்டை தங்கியிருக்கும் சிறு நீர்ப்பை. மாதா மாதம் இப்படிச் சில பைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 18, 20 மில்லிமீட்டர் வரை பெரிதாகி வெடித்து முட்டையை வெளியே விடும். இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அவை பாதி வழியில், 2 முதல் 9 மில்லிமீட்டருக்குள், நின்றுவிடுகின்றன. நின்றவை சினைப்பையின் ஓரத்தில் முத்துச்சரம் கோத்த மாதிரி வரிசையாகத் தெரிகின்றன. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2012இல் கூட்டிய நிபுணர் குழுவே, பி.சி.ஓ.எஸ். என்ற பெயர் தவறாக வழிநடத்துகிறது, மாற்றுங்கள் என்று சொன்னது. ஆக, கரைக்கவும் எடுக்கவும் அங்கே கட்டி எதுவும் இல்லை. கழற்சிக்காய்ப் பொடி கட்டியைக் கரைக்கும் என்று விற்பவர்களிடம் நான் சொல்வதும் இதுதான். அதை எடுத்துக்கொள்பவர்கள் வேறு மாத்திரையும் சாப்பிட்டால், இரண்டையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பிறகு தெரிந்தது. வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டி நெறிமுறை. அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான சினைப்பையிலும் நிறைய நீர்ப்பைகள் தெரியும். எங்கள் பிள்ளை 12 வயதில் பெரியவளானாள். அந்த ஸ்கேன் அவளுக்குத் தேவையே இல்லை. ஒழுங்கில்லாத மாதவிலக்கும், ஆண்களுக்கு வளரும் இடங்களில் முடி வளர்வதும் சேர்ந்தாலே போதும். பெரியவர்களுக்கு 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்தான் அடிப்படை: ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு கோளாறாலும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கோளாறாலும் நாள் தள்ளும் என்பதால் அவற்றையும் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும். ஸ்கேனில் 'நீர்க்கட்டி' தெரிந்தது என்பதற்காக மட்டும் நோய் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது.

சரி, பைகள் ஏன் பாதியில் நிற்கின்றன?

பெரும்பாலானவர்களிடம் இதற்கு அடியில் இருப்பது இன்சுலின். நாம் சாப்பிடும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதைச் செல்லுக்குள் அனுப்பக் கதவைத் தட்டுவது இன்சுலின். சிலருடைய உடம்பில் ஒரு தட்டலுக்குக் கதவு திறப்பதில்லை. கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சுரந்து தட்டிக்கொண்டே இருக்கிறது. தசையும் ஈரலும் இதைக் கேட்காமல் இருக்கலாம், சினைப்பை நன்றாகக் கேட்கிறது. அளவு மீறிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. ரத்தத்தில் அந்த ஹார்மோனைப் பிடித்து அடக்கி வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்யும்படியும் ஆக்குகிறது. இரண்டு பக்கமும் அடி. பைகள் வளராமல் நிற்கின்றன, முகத்தில் பருவும் முடியும், தலையில் முடி உதிர்வு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு. கொழுப்பு கூடினால் இன்சுலினுக்குக் கதவு இன்னும் இறுகும். இந்தச் சுழல் பிடித்தவரிடம் போய் 'வாயைக் கட்டு' என்று மட்டும் சொல்வது எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வில், பெரியவர்களிடையே சர்க்கரை நோய் அதிகமுள்ள இடங்களில் கோவா 26.4 சதவீதத்துடன் முதலிலும், புதுச்சேரி 26.3 சதவீதத்துடன் அடுத்தும் வந்தன. நான்கு பேரில் ஒருவருக்கு மேல். பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம், கடலூருக்கு, வந்ததும் சாப்பாடு மாறிவிடுவதில்லை. தாத்தாவுக்குச் சர்க்கரை, பெரியம்மாவுக்குச் சர்க்கரை என்று இருக்கும் வீட்டில் பெண்ணின் கழுத்து கருத்து, நாளும் தள்ளினால், அது அந்தக் குடும்பக் கதையின் அடுத்த பக்கம். அதனால்தான் இவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது என்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனைதான் நம்பகமானது. ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பிராய்லர் கோழிதான் காரணம் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து இதை விவரித்தார்கள். அதற்கும் முன்னால், 1721இலேயே இத்தாலியில் வல்லிஸ்நேரி என்ற மருத்துவர், குழந்தையில்லாத, சற்றுப் பருமனான ஓர் இளம் விவசாயப் பெண்ணின் சினைப்பைகள் புறாமுட்டை அளவில் வெளுத்துப் பளபளத்ததாக எழுதியிருக்கிறார். அப்போது பிராய்லர் கோழி ஏது? கோழியை விட, அதோடு உள்ளே போகும் நான்கு புரோட்டாவைத்தான் கவனிக்க வேண்டும்.

எடைக்கு வருவோம். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. 'இருபது கிலோ குறைச்சுட்டு வா' என்று விரட்டத் தேவையில்லை. ஒல்லியான பெண்களுக்கும் இந்தக் கோளாறு உண்டு. அவர்களிடம் எடையைக் குறைக்கச் சொல்வதில் அர்த்தமே இல்லை. கீட்டோ, பேலியோ, பால் இல்லாதது, கோதுமை இல்லாதது என்று எந்த ஒரு உணவுமுறையும் மற்றதை விடச் சிறந்ததாக நிரூபணம் ஆகவில்லை என்று அந்த 2023 நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. எது உங்களால் வருஷக்கணக்கில் செய்ய முடிகிறதோ, அது நல்ல முறை.

எங்கள் வீட்டில் முதலில் நடந்த தவறு, சோற்றை நிறுத்தியது. மத்தியானம் சோறு கிடையாது, ஆனால் காலையில் நாலு இட்லி, ராத்திரி மூன்று தோசை. இட்லியும் தோசையும் அரிசிதான் என்பது என் தங்கைக்கு உறைக்கவே இல்லை. "டிஃபன்தானே சாப்பிடுறா" என்றாள். பட்டினி கிடந்த பிள்ளை கல்லூரி வாசலில் பஃப்ஸும் சர்க்கரை போட்ட டீயுமாக ஈடுகட்டினாள், அதை அம்மாவிடம் மறைத்தாள். பிறகு சோற்றைத் திரும்பக் கொண்டுவந்தோம், தட்டை மட்டும் மாற்றினோம். தட்டில் பாதி கீரை, அவரைக்காய், கொத்தவரங்காய் மாதிரி ஏதாவது காய். கால் பங்கு மீன், முட்டை, சுண்டல், பருப்பு இவற்றில் ஒன்று. மீதிக் கால் பங்குதான் சோறு. முதுநகர்ப் பக்கம் நெத்தியும் மத்தியும் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. பண்ருட்டி பலாச்சுளை வந்த வாரம் நான்கு சுளை சாப்பிட்டாள். அதையும் தடுத்தால் வாழ்க்கையில் என்னதான் இருக்கிறது?

உடற்பயிற்சி எடை குறையாவிட்டாலும் பலன் தரும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் தட்டாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்குவது. நடையின் கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வண்டிகளை நிறுத்திவிடுவதால் பெண்கள் நிம்மதியாக நடக்க முடிகிறது. கடலூரில் சில்வர் பீச் இருக்கிறது, ஆனால் இருட்டிய பிறகு தனியாக ஒரு பெண் வேக நடை போட்டால் திரும்பிப் பார்க்காத ஆள் இல்லை. பயிற்சி செய்யவில்லை என்று பெண்ணைக் குறை சொல்வதற்கு முன்னால் அவளோடு கூட யாராவது நடந்தால் நல்லது. நான் நடந்தேன். எனக்கும் முட்டிவலி குறைந்தது.

எடை குறைக்கும் ஊசிகள் இப்போது பேச்சில் இருக்கின்றன. பருமன் அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் அவற்றைப் பரிந்துரைக்கலாம். ஆனால் குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அவற்றில் ஒன்றான செமாக்ளூட்டைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசி போடும் காலத்தில் கருத்தடையும் வேண்டும். எடை குறையும்போது நின்றிருந்த முட்டை வெளியேற்றம் திரும்பிவிடலாம், எதிர்பாராமல் கர்ப்பம் தங்கிவிடலாம்.

மாதவிலக்கு வராததைக் குழந்தைப் பேற்றோடு மட்டும் கோத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு. 'இப்போதைக்கு என்ன அவசரம், கல்யாணம் ஆனா தானா சரியாகிடும்' என்பார்கள். சரியாகாது. முட்டை வெளியேறாத மாதங்களில் கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் உட்சவ்வுப் புற்றுநோய்க்கான ஆபத்து கூடுகிறது. அதனால் மூன்று மாதத்துக்கு மேல் வராமல் விடக் கூடாது, மாத்திரை கொடுத்தாவது உதிர வைக்க வேண்டும். 'மாத்திரை போட்டு வரவழைப்பது உடம்புக்கு ஆகாது' என்ற பேச்சு இந்த விஷயத்தில் தலைகீழ்.

எங்கள் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தது கருத்தடை மாத்திரை. அட்டையைப் படித்துப் பார்த்த அவள் அப்பா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. ஊரில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று. அதில் உள்ள ஹார்மோன்கள் மாதவிலக்கைச் சீராக்கும், ஆண் ஹார்மோனின் வேகத்தைக் குறைக்கும், உட்சவ்வைப் பாதுகாக்கும். பின்னாளில் குழந்தை பிறப்பதைக் கெடுக்காது. ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறையும் கோளாறு ஆகியவற்றை விசாரித்துத்தான் கொடுப்பார்கள், கடையில் கேட்டு வாங்கக் கூடாது. முடி வளர்ச்சியில் மாற்றம் தெரியக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். கூடவே மெட்ஃபார்மின், சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் அதே மாத்திரை. வயிற்றைக் கலக்கும், சாப்பிட்டவுடன் போட்டு அளவை மெல்லக் கூட்டினால் பழகிவிடும். நீண்ட நாள் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் குழந்தை. கல்யாணமாகி மூன்றாம் மாதமே 'ஏதாவது விசேஷமா' என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கோளாறு உள்ள பெண்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறக்கிறது. முட்டை இருக்கிறது, நிறையவே இருக்கிறது, வெளியே வருவதில்தான் சிக்கல். அதற்கு இன்று முதலில் கொடுக்கும் மருந்து லெட்ரசோல், மாதத்தில் ஐந்து நாள் போடும் மாத்திரை. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 750 பெண்களுக்கு ஐந்து சுழற்சி வரை கொடுத்துப் பார்த்தார்கள். லெட்ரசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1 சதவீதம். இந்தியாவில் 2011இல் இதைக் கருத்தரிப்புக்குப் பயன்படுத்தத் தடை விதித்து, 2017இல்தான் விலக்கினார்கள். மலிவான இந்த மாத்திரைப் படியைத் தாண்டிக் குதித்து நேராக டெஸ்ட் டியூப் பேபிக்குப் போக வேண்டியதில்லை. அதிலும் இவர்களுக்கு ஊசி மருந்தில் சினைப்பை அளவு மீறி வீங்கும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம்.

கணவனுக்கு விந்துப் பரிசோதனை செய்யாமல் மனைவிக்கு மட்டும் ஆறு மாதம் மருந்து கொடுத்த கதைகள் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே உண்டு. அந்தப் பரிசோதனைக்கு ஒரு காலைப்பொழுது போதும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் 'ஒரு வருஷம் பார்க்கலாம்' என்று காத்திருக்கவும் வேண்டாம், முதலிலேயே போகலாம். முழுகாமல் இருப்பது உறுதியானதும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும், இவர்களுக்கு இரண்டும் கூடும் வாய்ப்பு அதிகம்.

கடைசியாக வைத்திருந்தாலும் எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது மனம்தான். எடை குறைந்தால், குழந்தை பிறந்தால், மனசு தானாகச் சரியாகும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மனசு உட்கார்ந்துபோன பெண்ணால் காலையில் எழுந்து நடக்கவும் முடியாது, மாத்திரையை வேளை தவறாமல் போடவும் முடியாது.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுவோம். அந்த வருஷம் ஓர் அத்தை, கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "என்னடி இப்படி ஊதிட்ட, யார் கட்டிப்பான்" என்று கன்னத்தைக் கிள்ளினாள். பிள்ளை சிரித்தாள். அடுத்த ஆண்டு பரீட்சை என்று சொல்லி வரவில்லை. பிறகு எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. போட்டோவில் நிற்பதில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பிஸ்கட் பாக்கெட்டை முழுதாகத் தின்றுவிட்டு, மறுநாள் முழுக்கப் பட்டினி. அதைப் 'பிடிவாதம்' என்றோம். கட்டுப்பாடில்லாமல் தின்பதும் பிறகு தன்னைத் தண்டிப்பதும் ஒரு நோய்க்குறி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களை விடக் கூடுதல். உணவுக் கோளாறுகளும் அப்படியே. அதனால் நோய் உறுதியானதுமே வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரையும் மனநிலை பற்றிக் கேட்க வேண்டும் என்பது நெறிமுறையில் இருக்கிறது. பெரிய கேள்விகள் இல்லை. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல், சந்தோஷமில்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? புதுச்சேரியில் நாங்கள் பிறகு பார்த்த மருத்துவர், எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேட்டார். பிள்ளை பதில் சொல்லவில்லை, கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் அழுதாள். அந்த அறையில் பத்து நிமிடம் யாரும் எடையைப் பற்றிப் பேசவில்லை. என் தங்கை அன்றுதான் முதல்முறையாக, "நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கினேன்" என்றாள்.

மனநல ஆலோசனைக்கு எழுதிக் கொடுத்தார், வாரம் ஒருமுறை. நேரில் போகத் தயங்குபவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. 2022இல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அதற்கு அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்பட்டால், எடை கூட்டாத வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. நாலு கிலோ குறைந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திப் பார்த்ததில் முதல் மாதம் 41ஆம் நாள் வந்தது, அடுத்தது 36ஆம் நாள். சமையலறை தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாள்களைக் கிழிக்காமல் மடித்துச் செருகி வைத்திருக்கிறாள். கழுத்துக் கருப்பு கொஞ்சம் இளகியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இந்த மாசி மகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த அத்தையிடம் நான் முன்கூட்டியே பேசிவிட்டேன்.